அமைப்புக் கோப்புகளைப் பேணும் முறை

பெயர்த்தெழுதப்பெறாத ஏடு செல்லுக்கு இரையாயின் நூலும் மாயும் என்பதைத் தமிழ் மாணாக்கர் அறிவர். லினக்சு வலைச் சேவையகத்தின் அமைப்புக் கோப்புகளுக்கும் அதுவே விதி. மென்பொருள் அழியின் மீண்டும் பெறலாம்; நாம் எழுதிய அமைப்பு அழியின் பெறுமிடம் இல்லை. அதில் ஓர் அடைப்புக்குறி பிழைப்பினும் அப்பாச்சி என்னும் சேவை மென்பொருள் தொடங்காது.

ஆதலின், அக்கோப்புகள் உறையும் ‘எற்சி’ என்னும் கோப்புறை முழுவதையும், 1979இல் யுனிக்சு ஏழாம் பதிப்பில் நாடாச் சேமிப்புக்கென வந்த ‘தார்’ கட்டளையால் ஒரே கட்டாக்கி, நாடோறும் பிறிதொரு கணினிக்கு அனுப்புக. அதே வன்தட்டில் வைத்த படி அத்தட்டோடு அழியும். கடவுச்சொற்களும் அதனுள் அடங்குதலின் அதனைப் பூட்டிக் காத்தல் கடன்.

திங்கடோறும் ஒரு படியை வேறு கணினியில் விரித்து, சேவையகம் இயங்குகின்றதா எனச் சோதித்தறிக. விரித்துப் பாராத படியை நம்புதல், பிரித்துப் பாராத ஏட்டுக்கட்டை நூலென்று நம்புதலே ஆகும்.