பனியும் பந்தயச் சீட்டும் பந்தும்

விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல்நாள் இரவு லிவர்பூல் அணி தோற்றிருந்தது. முகம் வாடி அமர்ந்திருந்த என்னைப் பார்த்து அறைத் தோழன் கேட்டான்: "அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் காட்டத் தெரியுமா உனக்கு? அவர்கள் தோற்றால் உனக்கென்னடா நட்டம்?" வரைபடத்தில் காட்டிவிட்டேன். இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. நமக்கு வெகு காலம் முன்பே இக்கேள்வியை ஒரு நாடே சந்தித்திருக்கிறது என்பது பின்னர் படித்தபோதுதான் தெரிந்தது. அந்நாடு நார்வே. கண்ணால் காணாத ஊரின் கால்பந்துக் கழகத்தின்மேல் பற்று எவ்வாறு பிறக்கிறது, அது பொழுதுபோக்கா, உறவா என்பதை அந்நாட்டின் கதையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனிக்காலம் செய்த வேலை

நார்வே ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள சிறிய நாடு. மக்கள் தொகை இன்றும் 55 இலட்சம் அளவே. குளிர்காலத்தில் அங்கு மைதானங்கள் பனியால் மூடப்பட்டுவிடும். ஆகவே அந்நாட்டு லீக் ஆட்டங்கள் இளவேனிலில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவடையும். இங்கிலாந்திலோ ஆகஸ்டில் தொடங்கி மே வரை ஆடுவர். அதாவது, நார்வேயில் பந்து உறங்கும் மாதங்களில்தான் இங்கிலாந்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கால முரண்பாடே எல்லாவற்றுக்கும் வித்து.

1946-இல் நார்வேயில் 'நார்ஸ்க் டிப்பிங்' என்னும் நிறுவனம் அரசின் ஏற்பாட்டில் தோன்றியது. 1948-இல் அதன் முதல் பந்தயச் சீட்டு வெளிவந்தது. நம் மாநிலத்தில் 2003-இல் நிறுத்தப்பட்ட லாட்டரியைப் போன்றதன்று இது. லாட்டரியில் எண் விழுந்தால் பரிசு. முயற்சிக்கு அங்கு வேலையில்லை. இச்சீட்டிலோ பன்னிரண்டு கால்பந்து ஆட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் சொந்த ஊர் அணி வெல்லுமா, வந்த அணி வெல்லுமா, சமனில் முடியுமா என்று முன்கூட்டிக் குறிக்க வேண்டும். கிடைத்த இலாபம் விளையாட்டு வளர்ச்சிக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் போயிற்று. (அறிவியல் மாணவன் என்ற முறையில் இச்செய்தி எனக்கு இனித்தது!)

குளிர்காலம் வந்ததும் சீட்டில் அச்சிட உள்நாட்டு ஆட்டம் ஏது? இங்கிலாந்து ஆட்டங்களை எடுத்து அச்சிட்டனர். வுல்வர்ஹாம்ப்டன், சண்டர்லாந்து, டார்பி, ஸ்டோக் என்று பள்ளிப் புவியியல் பாடம் கற்பிக்காத ஊர்ப் பெயர்களையெல்லாம் பந்தயச் சீட்டு கற்பித்தது. மீனவரும் மரம் வெட்டுவோரும் வாரந்தோறும் அப்பெயர்களை வாய்விட்டுப் படித்து, எந்த அணி தன் மைதானத்தில் வலியது, எது வெளியூரில் தடுமாறும் என்று விவாதித்தனர்.

சீட்டு ஒன்றே பற்றை வளர்த்துவிடும் என்று கூற இயலுமா? இயலாது என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. அங்கும் இத்தகைய பந்தயம் பெருவழக்காக இருந்தது. 1923-இல் ஜான் மூர்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் தொடங்கிய 'லிட்டில்வுட்ஸ்' அதில் புகழ்பெற்றது. கோடையில் இங்கிலாந்தில் ஆட்டம் இல்லாதபோது, 1940களின் இறுதியிலிருந்து அவர்கள் ஆஸ்திரேலிய ஆட்டங்களைச் சீட்டில் அச்சிட்டனர். அங்கே கோடை என்றால் இங்கே குளிர் அல்லவா! இலட்சக்கணக்கான ஆங்கிலேயர் ஆஸ்திரேலியக் கழகங்களின் பெயர்களைப் பல்லாண்டுகள் எழுதினர். ஆயினும் அவற்றின் தோல்விக்காக எந்த ஆங்கிலேயரும் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்ததாக நான் படித்ததில்லை. பெயர் மட்டும் போதாது, முகம் வேண்டும். நார்வே மக்களுக்கு அந்த முகம் 1969-இல் கிடைத்தது.

சனிக்கிழமை மாலைகள்

1969ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சனிக்கிழமை. நார்வே அரசுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே., இங்கிலாந்து லீக் ஆட்டம் ஒன்றை நேரடியாக ஒளிபரப்பியது. வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்சும் சண்டர்லாந்தும் மோதிய ஆட்டம் அது. வுல்வர்ஹாம்ப்டன் ஒன்றுக்குச் சுழி என வென்றது. ஆட்டம் ஒன்றும் காவியமன்று. ஆனால் அன்று தொடங்கிய நிகழ்ச்சி குளிர்காலச் சனிக்கிழமைகளின் வழக்கமாயிற்று. அதன் பெயர் 'டிப்பெகாம்பென்', அதாவது 'பந்தயச் சீட்டு ஆட்டம்'. பெயரிலேயே அதன் பிறப்பு தெரிகிறது. அண்டை நாடான ஸ்வீடனும் அதே நாளில் இத்தகைய ஒளிபரப்பைத் தொடங்கியது.

இங்கு இரண்டு செய்திகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். முதலாவது, அக்காலத்தில் நார்வேயில் இருந்தது ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை. மாற்றிப் பார்க்க வேறொன்று கிடையாது. வெளியே பனி, மாலை நாலு மணிக்குள் இருட்டு, வீட்டில் ஒரே படம். தலைநகர் ஓஸ்லோவில் இருந்தவரும் வடகோடி மீனவக் குப்பத்தில் இருந்தவரும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டத்தைக் கண்டனர். திங்கட்கிழமை வேலைத்தளத்தில் பேச எல்லோருக்கும் ஒரே பொருள் இருந்தது.

இரண்டாவது செய்தி வியப்புக்குரியது. நார்வே மக்கள் இவ்வாறு லீக் ஆட்டங்களை நேரடியாகக் கண்ட காலத்தில், இங்கிலாந்து மக்களால் தங்கள் வீட்டில் அவற்றை நேரடியாகக் காண முடியாது! 1960-இல் ஒருமுறை வெள்ளோட்டம் பார்த்துக் கைவிட்டனர். தொலைக்காட்சியில் காட்டினால் மைதானத்துக்குக் கூட்டம் வராது, சிறு கழகங்கள் அழிந்துவிடும் என்று லீக் அஞ்சியது. பர்ன்லி கழகத் தலைவர் பாப் லார்டு தொலைக்காட்சிப் படப்பெட்டிகளைத் தம் மைதானத்துக்குள்ளேயே நுழையவிடாமல் தடுத்தவர். இரவில் காட்டப்பட்ட சுருக்கத் தொகுப்போடு இங்கிலாந்தில் இருந்தவர் நிறைவடைய வேண்டியிருந்தது. லீக் ஆட்டங்களின் முறையான நேரடி ஒளிபரப்பு அங்கு தொடங்கியது 1983 அக்டோபரில்தான். பதினான்கு ஆண்டுகள், தூரத்தில் இருந்தவனே நன்றாகப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனுக்கு மறைக்கப்பட்டது! அந்த அச்சத்தின் எச்சம் இன்றும் உள்ளது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இங்கிலாந்தில் தொடங்கும் ஆட்டத்தை அந்நாட்டுத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது. அதே ஆட்டத்தை இரவு உணவுக்குப் பின் நம் விடுதியில் நாம் காண்கிறோம்.

நார்வே மக்கள் அன்று கண்டது கறுப்பு வெள்ளைப் படம். சேறு படிந்த மைதானம். புகை சூழ்ந்த ஆலை நகரம். சிவப்புச் சட்டையைச் சாம்பல் நிறமாகப் பார்த்தே சிவப்பின்மேல் காதல் கொண்டனர். எந்த ஆட்டம் காட்டப்பட்டதோ அதைப் பொறுத்தே பற்றும் அமைந்தது. 1970களின் தொடக்கத்தில் சிறுவராயிருந்தோர் லீட்ஸ் யுனைடெட் பக்கம் சாய்ந்தனர். 1977, 1978, 1981, 1984 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற லிவர்பூல் அடுத்த தலைமுறையைக் கவர்ந்தது. நார்வேயில் ஒருவர் எந்தக் கழகத்தின் ரசிகர் என்று கேட்டால் அவர் வயதைக் கணித்துவிடலாம் போலும்.

அப்படியானால் இது வெற்றி பெறுவோர் பின்னால் ஓடும் கூட்டம்தானே என்று சிலர் ஏளனம் செய்வர். தொடங்கும்போது அப்படித்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் லீட்ஸ் 2004-இல் முதல் பிரிவிலிருந்து வீழ்ந்து, 2007-இல் மூன்றாம் பிரிவுக்கே சென்று, 2020 வரை மேலே வரவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் உள்ள அதன் ரசிகர் சங்கம் அதற்காகக் கலைந்துவிடவில்லை. 1990-க்குப் பின் லீக் பட்டத்துக்காக லிவர்பூல் காத்திருந்தது முப்பது ஆண்டுகள். வெற்றிக்காக மட்டும் வந்தவன் முப்பது ஆண்டுகள் வாசலில் நிற்பானா?

1981 செப்டம்பர் 9-இல் ஓஸ்லோவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் நார்வே இங்கிலாந்தை இரண்டுக்கு ஒன்று என வீழ்த்தியது. வானொலி வருணனையாளர் பியோர்கே லில்லெலியன் உணர்ச்சி மேலிட்டு, நெல்சன், சர்ச்சில், தாட்சர், குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பர் என்று ஆங்கிலப் பெரும் பெயர்களை வரிசையாக விளித்து, உங்கள் பையன்கள் உதை வாங்கிவிட்டார்கள் என்று முழங்கினார். பகைவனைப் பார்த்து ஒருவன் இவ்வாறு முழங்குவதில்லை. வாரந்தோறும் எவரை அண்ணாந்து பார்த்தானோ அவரை வென்றவனின் குரல் அது.

சங்கம் வைத்த ரசிகர்கள்

1980களின் தொடக்கத்தில் இந்த ரசிகர்கள் ஒன்றுகூடினர். லிவர்பூல் கழகத்தின் நார்வே ரசிகர் சங்கம் 1980-இல் தோன்றியது. இன்று அதன் உறுப்பினர் பல பத்தாயிரம் பேர். சந்தா, உறுப்பினர் இதழ், நுழைவுச்சீட்டுப் பங்கீடு, குழுப் பயணம் என ஒரு கூட்டுறவுச் சங்கம் போலவே அது நடைபெறுகிறது. ஓஸ்லோவுக்கும் லிவர்பூலுக்கும் இடையே ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், நடுவே வடகடல். பெர்கன் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு 2008 வரை பயணக் கப்பல் ஓடியது. அதன்பின் விமானமே வழி.

தொலைக்காட்சி முன் வளர்ந்த சிறுவர் சிலர் அந்தப் படத்துக்குள்ளேயே புகுந்துவிட்டனர். 1973-இல் பிறந்த ஓலே குன்னர் சோல்ஷேர் சிறுவயதில் லிவர்பூல் ரசிகர். அவரே 1999 மே 26-இல் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக, ஐரோப்பிய இறுதி ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் வெற்றிக் கோலை அடித்தார். பிழைப்பு வேறு, பிள்ளைக்காதல் வேறு போலும்! எர்லிங் ஹாலண்டோ, லீட்ஸ் அணியில் ஆடியவரின் மகனாக 2000-இல் லீட்ஸ் நகரிலேயே பிறந்தவர்.

உறவுக்கு விலை

இனி என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். "உனக்கென்ன நட்டம்?" என்றான். தூரத்து ரசிகனின் குறையே அதுதான். அவனுக்கு நட்டம் குறைவு. நட்டம் எப்போதும் அந்த ஊர்க்காரனுக்கு.

1989 ஏப்ரல் 15-இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் மாண்டனர். காயங்களின் விளைவாகப் பின்னர் இறந்தோரையும் சேர்த்து அவர்கள் 97 பேர். 97ஆவது மனிதர் மறைந்தது 2021-இல். காவல் துறையினரும் சில நாளேடுகளும் பழியை ரசிகர்கள்மேலேயே சுமத்தினர். பழி நீங்க இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 2016 ஏப்ரலில்தான், ரசிகர்கள்மேல் குற்றமில்லை, அது சட்டத்துக்குப் புறம்பான உயிர்ப்பறிப்பு என்று விசாரணை நடுவர் குழு தீர்ப்பளித்தது. இன்று லிவர்பூல் சட்டையின் பின்கழுத்தில் 97 என்ற எண் சிறிதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அதே சட்டை உலகெங்கும் விற்கிறது. அந்த எண்ணுக்குப் பொருள் தெரியாமல் அதை அணிபவனும் உண்டு, தெரிந்து அணிபவனும் உண்டு. இருவருக்கும் இடையேயுள்ள தூரம், ஓஸ்லோவுக்கும் லிவர்பூலுக்கும் உள்ள தூரத்தினும் பெரிது என்பது என் எண்ணம்.

தூரத்து அன்பு சில வேளை ஊர்க்காரனைக் காயப்படுத்தவும் செய்கிறது. நீலச் சட்டை அணிந்துவந்த கார்டிஃப் கழகம் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்ததாயினும் இங்கிலாந்து லீக்கில் ஆடுவது. 2012-இல் அதன் மலேசிய உரிமையாளர், ஆசியச் சந்தையை மனத்திற்கொண்டு சட்டையைச் சிவப்பாக்கினார். ஊரார் கொதித்தனர். 2015-இல் நீலம் திரும்பியது. 2008-இல் லீக் ஆட்டங்களில் ஒரு சுற்றை வெளிநாட்டு நகரங்களில் நடத்தலாம் என்று பிரிமியர் லீக் முன்மொழிந்து, எதிர்ப்பால் கைவிட்டது. என்னைக் கேட்டால், அந்த ஆட்டம் நம் சென்னைக்கே வந்தாலும் எனக்கு வேண்டாம். நான் விரும்புவது அந்த ஊரில், அந்த மழையில், அந்த மக்கள் நடுவே நடக்கும் ஆட்டத்தை.

இவற்றுள் என் மனத்தை மிகவும் தைத்தது 2016 பிப்ரவரி 6-ஆம் நாள் நிகழ்ச்சி. லிவர்பூல் நிர்வாகம் மறு ஆண்டுக்கு ஒரு சீட்டின் உயர்ந்த கட்டணத்தை 77 பவுண்டாக அறிவித்திருந்தது. அன்றைய மதிப்பில் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். என் தந்தை கட்டட வேலையில் பத்து நாளைக்கு மேல் உழைத்தால் வரும் தொகை. ஆண்டுக்கு ஒருமுறை கடல் கடந்து வருபவன் அதை முகம் சுளிக்காமல் கொடுப்பான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மகனையும் அழைத்துக்கொண்டு வரும் துறைமுகத் தொழிலாளி என் செய்வான்? தூரத்தவனின் ஆசையே பக்கத்தவனின் கட்டணத்தை ஏற்றுகிறது. அன்று சண்டர்லாந்து அணியுடனான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினர். அப்போது லிவர்பூல் இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு எனச் சமனில் முடிந்தது. சில நாளில் நிர்வாகம் அக்கட்டணத்தைத் திரும்பப் பெற்று, மன்னிப்பும் கேட்டது.

அந்த 77ஆவது நிமிடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, சேர்த்துவைத்த பணத்தையெல்லாம் செலவழித்து, கடல் கடந்து அந்த மைதானத்தில் நான் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து இருக்கைக்காரர் எழுகிறார். இன்னும் பதின்மூன்று நிமிட ஆட்டம் மிச்சம். நான் எழுந்திருப்பேனா? நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை, பின்னர், "அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.