எதிர்த்தலைவனுக்கும் ஒரு குடை
(கணினி விளையாட்டுக் கதைகளில் பகைமாந்தர் – ஓர் ஆய்வு நோக்கு)

முன்னுரை

பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் எனத் தண்டியலங்காரம் வகுத்த இலக்கணத்தை வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்து வருகிறோம். அண்மையில் மாணவர் ஒருவர், "ஐயா, நாங்கள் ஆடும் கணினி விளையாட்டுகளிலும் கதை உண்டு. ஆடி முடித்தபின் தலைவனை மறந்துவிடுகிறோம். வில்லன் மட்டும் நெஞ்சில் நிற்கிறான். ஏன்?" என வினவினார். விளையாட்டுப் பேச்சென்று அவ்வினாவைத் தள்ள எமக்கு மனம் வரவில்லை. விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கல்லில் நின்ற பகைவன்

மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். அங்குள்ள மகிடாசுரமர்த்தினி குகை, பல்லவர் காலத்ததாகிய கி.பி. 7ஆம் நூற்றாண்டுப் படைப்பு. ஒருபுறம் எண்கரங்களுடன் அரிமாமேல் அமர்ந்து வில்லேந்தும் கொற்றவை. மறுபுறம் எருமைத்தலையும் மனித உடலும் கொண்ட மகிடன். அவன் காலடியில் கிடக்கவில்லை. பின்வாங்கும் சாயலோடு, கையிற்கொண்ட கதையை விடாது நிற்கிறான். அவன் தலைக்குமேல் அரச குடையும் உண்டு! தோல்வியின் வாயிலில் நிற்பவனுக்கும் அரசனுக்குரிய மதிப்பைச் சிற்பி மறுக்கவில்லை. வலிமையற்றவனை வெல்வது வெற்றியாகாது என்பதைச் சிற்பி உணர்ந்திருந்தான் எனக் கொள்ளலாம்.

இவ்வட்டாரத்துத் திரௌபதியம்மன் விழாக்களிலும் இவ்வுணர்வைக் காணலாம். படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் பேருருவாய்க் கிடப்பான். அவன் வீழ்ச்சியைக் காணத் திரண்ட ஊரே, அவனுக்காக எழும் ஒப்பாரியையும் கேட்கிறது. அச்சமும் வெகுளியும் மட்டுமன்றி, மருட்கையும் அழுகையும் எழுப்பும்போதே பகைமாந்தன் முழுமை பெறுகிறான் எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டு நெறிநின்று கூறலாம்.

சீறாவில் இருவேறு பகைவர்

உமறுப்புலவரின் சீறாப்புராணம் மற்றொரு நுட்பத்தைக் கற்பிக்கிறது. அதில் வரும் அபூஜகில், வரலாற்றில் தன் மக்களால் 'அபுல் ஹகம்', அதாவது அறிவின் தந்தை எனப் போற்றப்பட்டவன். செருக்கினால் 'அறியாமையின் தந்தை' ஆனான். 624இல் பத்ருப் போரில் மாண்டான். அதே காப்பியத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்ல வாளோடு புறப்பட்ட உமறு (ரலி) அவர்கள், உண்மை உணர்ந்து மனம் மாறுகிறார்கள். இருவருக்கும் வழி திறந்தே இருந்தது. ஒருவர் நுழைந்தார், மற்றவன் மறுத்தான். தீமை பிறப்பால் வருவதன்று, தேர்வால் வருவது என்பதே இங்குப் பெறப்படும் உண்மை. தேர்ந்தெடுக்க இயலாத பகைவன் வெறும் இலக்குப் பலகையே ஆவான்.

திரையில் தோன்றும் பகைவர்

இவ்வளவுகோலைக் கணினி விளையாட்டுகளுக்குப் பொருத்திக் காண்போம். புனேவில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் விளையாட்டில், துர்க்கையின் அருள்பெற்ற சிறுமி தன் தம்பியை மீட்க மகாபலாசுரனை எதிர்க்கிறாள். மல்லைக் குகையின் கருப்பொருள் புதிய ஊடகத்தில் தொடர்வதை இங்குக் காண்கிறோம்.

2007இல் வந்த 'போர்ட்டல்' விளையாட்டில், கிளாடோஸ் என்னும் இயந்திரக் குரல் தொடக்கமுதல் ஆடுபவரை வழிநடத்துகிறது. வழிகாட்டியே பகை என்பது பின்னரே விளங்குகிறது. இறுதியில் மட்டும் தோன்றும் பகைவனைவிட, உடன்வரும் பகைவன் ஆழப் பதிகிறான்.

2005இல் ஜப்பானில் உருவான 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. இறந்த பெண்ணை உயிர்ப்பிக்க, இளைஞன் பதினாறு பேருருக்களைக் கொல்ல வேண்டும். அவற்றுள் சில, தாக்கப்படும்வரை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. 'தீயவர் யார்? நாமோ?' என்னும் ஐயம் ஆடுபவர் உள்ளத்திலேயே எழுகிறது. நூலைப் படிப்பவர் பழியிலிருந்து விலகி நிற்கலாம். பொத்தானை அழுத்தியவர் அவ்வாறு நிற்க இயலாது. இதுவே இவ்வூடகத்தின் தனித்தன்மை.

முடிவுரை

நன்கு படைக்கப்பட்ட பகைமாந்தனுக்கு ஆற்றல், காரணம், தேர்வுரிமை, கதை முழுதும் உடனிருப்பு ஆகிய நான்கும் வேண்டும் என்பது இதுகாறும் கண்டவற்றால் விளங்கும்.

இது கலையோடு நின்றுவிடும் செய்தி அன்று. உடையையும் மொழியையும் பெயரையும் காட்டி, 'இவனே பகைவன்' எனச் சொல்லிவிடும் எளிய கதைகள் திரைப்படத்திலும் விளையாட்டிலும் மலிந்துள்ளன. அங்குக் காரணம் கேட்கப்படுவதில்லை, அடையாளமே குற்றமாகிறது. அவற்றில் பழகிய இளங்கண்கள், நாளை அண்டை வீட்டாரையும் அவ்வாறே நோக்கினால் அப்பழி யாரைச் சாரும்?

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய கதைகளை எழுதக்கூடும். எழுதுமுன் ஒருமுறை மல்லைக் குகைக்குச் சென்று வாருங்கள். பகைவன் தலைக்குமேலும் குடை செதுக்கிய அச்சிற்பியின் நேர்மை, உங்கள் எழுத்திலும் விளங்கட்டும்.