சலவை இயந்திரம் நின்றுவிட்டால்: மெக்கானிக்கை அழைக்குமுன் ஆறு சோதனைகள்

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் வட்டாரத்தில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடியிருப்பு ஆஸ்டின் டவுன். கன்னட மொழிக்கு அகராதி தந்த அறிஞர் கிட்டலின் நினைவாக எஃப். கிட்டல் நகர் என்ற பெயரும் அதற்கு உண்டு. சிறிய மனைகளில் மாடிமேல் மாடியாக வீடுகள் எழுந்துள்ள இத்தகைய பகுதிகளில், சலவை இயந்திரத்திற்கென்று தனி இடம் அமைவது அரிது. மாடிப்படியின் கீழோ, குளியலறை வாசலிலோ, மொட்டைமாடியின் ஓரத்திலோ அது நிற்கிறது. கதவு திறப்பதற்கு முன்புறம் இடம் வேண்டாத, குனியாமல் துணியிடத்தக்க ‘டாப் லோட்’ இயந்திரம் இவ்வீடுகளுக்குப் பொருத்தமானது.

அவ்வியந்திரம் ஒரு நாள் பாதியில் நின்றுவிட்டால், வீட்டார் முதலில் எண்ணுவது “போர்டு போய்விட்டதோ, மோட்டார் எரிந்துவிட்டதோ” என்பதே. பெருஞ்செலவை எதிர்பார்த்து அஞ்சுகிறவர், சொன்ன தொகையைக் கொடுத்துவிடுகிறார். அல்லது தவணையில் புதிய இயந்திரம் வாங்க முற்படுகிறார். ஆனால் இயந்திரம் நிற்பதற்கான காரணம் பல வேளைகளில் இயந்திரத்துக்குள்ளே இருப்பதில்லை. குழாயிலோ, தொட்டியிலோ, தரையிலோ, நாம் இட்ட துணியிலோ அது இருக்கிறது. அதைக் கண்டறியும் முறையான வழி ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்தக் கட்டத்தில் நின்றது?

முழுத் தானியங்கி டாப் லோட் இயந்திரம் செய்வது நான்கே வேலைகள்: நீரை எடுத்தல், துவைத்தல், நீரை வெளியேற்றுதல், சுழன்று பிழிதல். அலசுவதற்காக இதே வரிசை மீண்டும் நிகழ்கிறது. எனவே, “ஓடவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வேலையில் நின்றது என்று பார்க்க வேண்டும். தொட்டி வறண்டிருந்தால் நீர்வரவில் குறை. அழுக்கு நீர் நிறைந்து நின்றால் வெளியேற்றத்தில் குறை. நீர் வடிந்தும் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பிழிதலில் குறை.

திரையில் தோன்றும் எழுத்துகளும் இதையே சொல்லுகின்றன. எல்ஜி நிறுவன இயந்திரங்களில் ‘ஐ.இ.’ என்பது நீர் வரவில்லை என்பதையும், ‘ஓ.இ.’ என்பது நீர் வெளியேறவில்லை என்பதையும், ‘யூ.இ.’ என்பது துணி ஒருபுறம் குவிந்துவிட்டதையும், ‘டி.இ.’ என்பது மூடி சரியாக மூடப்படாததையும் குறிக்கும். பிற நிறுவனங்களின் குறியீடுகள் வேறு. இயந்திரத்துடன் வந்த கையேட்டில் அவற்றைக் காணலாம்.

கடக்கக் கூடாத எல்லை

சோதனைகளைத் தொடங்குமுன் ஒரு விதியை மனத்தில் இருத்த வேண்டும். இயந்திரத்தின் உடலில் உள்ள திருகாணிகளைக் கழற்றாமல் செய்யக்கூடியது நம் வேலை. கழற்றினால்தான் செய்ய முடியும் என்பது பயிற்சி பெற்றவரின் வேலை. உள்ளே உள்ள மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டதால் மட்டும் உள்ளே கை வைப்பது பாதுகாப்பாகிவிடாது.

வெளியே கை வைப்பதற்கும் ஒழுங்கு உண்டு. குழாய்களையோ வடிகட்டிகளையோ தொடுமுன் பிளக்கைக் கழற்ற வேண்டும். கை உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். இயந்திரத்தின் உடலைத் தொடும்போது மெல்லிய மின்னதிர்ச்சி உணர்ந்தால், சோதனை எதுவும் வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வீட்டின் எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஆராய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி, ஈரமான இடங்களில் உயிர் காக்கும்.

முதற் சோதனை: மின்சாரமும் மூடியும்

விளக்கே எரியவில்லையெனில், அதே பிளக் பாயின்ட்டில் வேறொரு சாதனத்தை இணைத்துப் பார்க்க வேண்டும். அதுவும் இயங்காவிடில் குறை வீட்டு மின்னமைப்பில் உள்ளது, எம்.சி.பி. கீழிறங்கியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். விளக்கு எரிந்தும் பொத்தான்கள் வேலை செய்யாவிடில், ‘சைல்டு லாக்’ போடப்பட்டிருக்கலாம். கையேடு கூறும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அது விலகும். துவைத்தல் முடிந்து, பிழிவதற்கு மட்டும் மறுத்தால் மூடியைத் திறந்து அழுத்தி மூடிப் பார்க்க வேண்டும். மூடி மூடியிருப்பதாக அதன் சுவிட்ச் உணர்த்தாதவரை தொட்டி சுழலாது. துணியின் ஓரமோ, மூடியின் விளிம்பில் உறைந்த சோப்புத் தூளோ அதைத் தடுக்கக் கூடும்.

இரண்டாம் சோதனை: நீரின் உயரமும் வேகமும்

பெங்களூருக்குக் காவிரி நீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு குழாய்வழி வருகிறது. மூன்று கட்டங்களாக மொத்தம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்படுகிறது. அத்தனை உயரம் ஏறிவந்த நீர், மேல்மாடி வீட்டுச் சலவை இயந்திரத்திற்குள் இறங்க மறுப்பதுண்டு. அதற்குத் தேவையான சில மீட்டர் இறக்கம் அங்கே இல்லை என்பதே காரணம்.

நீரின் அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 0.1 மெகாபாஸ்கல் அழுத்தம் தரும். கையேட்டில் குறைந்தபட்ச நீரழுத்தம் 0.05 மெகாபாஸ்கல் என்றிருந்தால், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தின் நீர்வாயைவிட 5 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். மொட்டைமாடியில் தரையோடு வைத்த தொட்டிக்கு, அதற்கு நேர் கீழே உள்ள வீட்டில் இந்த உயரம் கிடைக்காது. தரைத்தள வீட்டில் ஒழுங்காக ஓடிய இயந்திரம், மேல்தளத்துக்குக் குடிமாறியதும் ‘பழுதாவது’ இதனாலேயே.

இதை உறுதிசெய்ய ஒரு வாளியும் கடிகாரமும் போதும். குழாயை மூடி, நீர்வரவுக் குழாயின் முனையை இயந்திரத்திலிருந்து கழற்றி, 10 லிட்டர் வாளியில் விட்டுக் குழாயை முழுதும் திறக்க வேண்டும். வாளி 1 நிமிடத்தில் நிறைந்தால், 50 லிட்டர் எடுக்கும் துவைப்புக்கு ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். 5 நிமிடத்தில் நிறைந்தால் 25 நிமிடம் ஆகும். குறித்த நேரத்துக்குள் நீர்மட்டம் எட்டாவிடில் பல இயந்திரங்கள் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது மாற்ற வேண்டியது இயந்திரத்தையன்று. தொட்டியின் மேடையை உயர்த்துதல், அழுத்தப் பம்பு பொருத்துதல், அகலமான குழாய் அமைத்தல் ஆகியவற்றுள் ஒன்றே தீர்வு.

மூன்றாம் சோதனை: நீர்வாயில் உள்ள வலை

வாளி விரைவாக நிறைகிறது, இயந்திரம் மட்டும் நிறையவில்லை என்றால், நீர்வாயின் உள்ளே இருக்கும் சிறிய வலையைப் பார்க்க வேண்டும். சம்ப்பின் அடிமணலும் துருத்துகளும் அங்கேதான் தங்குகின்றன. காவிரி நீர் போதாதபோது ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் லாரி நீரும் அதே தொட்டியில் கலக்கும் வீடுகளில் இவ்வலை விரைவில் அடைபடும்.

வலையின் நடுவில் உள்ள சிறு பிடியைக் குறட்டால் மெல்லப் பற்றி நேராக இழுத்தால் வெளிவரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முன்போலப் பொருத்த வேண்டும். வலையின்றி இயந்திரத்தை ஓட்டக் கூடாது. மணல் வால்வுக்குள் சென்றால் நீர் நிற்காமல் சொட்டத் தொடங்கும். குழாயைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷர் அதன் இடத்தில் உள்ளதா என்று பார்த்து, கையால் இறுக்கினால் போதும். பின்னர் குழாயைத் திறந்து, இணைப்பில் கசிவு இல்லை என்று கண்டபின்பே பிளக்கை மாட்ட வேண்டும்.

நான்காம் சோதனை: வடிகுழாய் இருக்கும் நிலை

டாப் லோட் இயந்திரங்கள் நீரை இரு முறைகளில் வெளியேற்றுகின்றன. சிலவற்றில் வால்வு திறந்ததும் நீர் தன் எடையாலேயே வடிகிறது. சிலவற்றில் பம்பு நீரை மேலே தள்ளுகிறது. முதல் வகையில் வடிகுழாய் தரையோடு தாழ்ந்து கிடக்க வேண்டும். அதை வாஷ்பேசின் மீதோ, உயரமான மேடை மீதோ ஏற்றிவைத்தால் நீர் வடியாது. இரண்டாம் வகையில் குழாயின் முனை கையேடு சொல்லும் உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்த்திப் போட்டால், எடுக்கும் நீரெல்லாம் தானே வடிந்துவிடும். இயந்திரம் நிறைந்த பாடில்லாமல் நீரை எடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நம் இயந்திரம் எவ்வகையென்று கையேட்டில் பார்த்தபின், குழாய் மடங்கியுள்ளதா, சுவரோடு நசுங்கியுள்ளதா, முனை சாக்கடை நீரில் மூழ்கியுள்ளதா என்று ஆராய வேண்டும். பம்பு உள்ள சில இயந்திரங்களில் வெளிப்புறம் திறக்கக்கூடிய வடிகட்டி இருக்கும். நாணயம், ஊக்கு, பொத்தான், குழந்தையின் காலுறை ஆகியவை அதில் சிக்குவதுண்டு. துணியிடுமுன் சட்டைப்பைகளைச் சோதிப்பது இதற்கு எளிய தடுப்பு.

ஐந்தாம் சோதனை: சமநிலை

பிழியும்போது இயந்திரம் அதிர்ந்து நகர்வது பலர் அறிந்த தொல்லை. அதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, 1 கிலோ ஈரத்துணி ஒருபுறம் மட்டும் கூடுதலாகக் குவிந்திருக்கிறது என்க. தொட்டி நிமிடத்துக்கு 700 முறை சுழன்றால், அத்துணி தொட்டியை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 110 கிலோ எடைக்கு நிகராகும். இவ்விசை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறுகிறது. இயந்திரம் தானே நின்று பிழை காட்டுவது, தன்னைக் காத்துக்கொள்வதற்காகத்தான்.

முதலில் துணியைக் கையால் பரப்பிவிட வேண்டும். ஒற்றைப் போர்வையைத் தனியே இடாமல், எடை ஒத்த துணிகளோடு சேர்த்திட வேண்டும். அடுத்து, காலியான இயந்திரத்தின் மேல் மூலைகளைக் குறுக்காக அழுத்திப் பார்க்க வேண்டும். ஆடினால், திருகக்கூடிய காலைச் சுழற்றி உயரத்தைச் சரிசெய்து, அதன் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை மேல்தட்டில் வைத்தால் நிலை தெளிவாகும்.

இவை சரியாக இருந்தும் தொட்டி சுவரில் மோதினால், தொட்டியின் விளிம்பைக் கீழே அழுத்தி விட வேண்டும். அது ஓரிரு அசைவில் நின்றுவிட்டால் நலம். தொடர்ந்து ஊசலாடினால், தொட்டியைத் தாங்கும் நான்கு தொங்கு கம்பிகள் தளர்ந்துள்ளன; அவற்றை மாற்றுவது மெக்கானிக்கின் வேலை.

ஆறாம் சோதனை: நுரையும் உப்புப் படிவும்

கடின நீரில் நுரை எழாது என்பதால் சோப்புத் தூளை அள்ளி இடுவது வழக்கம். அத்தூள் முழுதும் கரையாமல், நீரிலுள்ள சுண்ண உப்போடு சேர்ந்து தொட்டியின் வெளிப்புறத்தில் படியும்; துணியில் சாம்பல் நிறத் திட்டுகளும் நாற்றமும் அதனால் வரும். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதி உண்டு. நம் வீட்டு நீரை ஒருமுறை சோதித்தறிவது, தூளின் அளவை முடிவு செய்ய உதவும்.

நூல்துகள் சேரும் பையை வாரந்தோறும் கழுவ வேண்டும். மாதம் ஒருமுறை ‘டப் கிளீன்’ முறையில் துணியின்றி ஓட்டி, இயந்திரத்துக்கான படிவுநீக்கியைக் குறித்த அளவில் இடலாம். படிவுநீக்கி அமிலத் தன்மையுடையது. அதனுடன் பிளீச்சிங் பொருளை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது

மோட்டார் முனகியும் சுழலாமை, கருகிய வாடை, நீர் நிறைந்தும் வால்வு மூடாமை, எலி கடித்த கம்பிகள் ஆகியவை வல்லுநர் கைக்கு உரியவை. அவரிடம் ஆறு சோதனைகளின் முடிவையும் சொன்னால், ஊகத்தின் பேரில் உதிரிபாகம் மாற்றும் தேவை குறையும். வேலைக்குமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுதல், மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குதல், பில் பெறுதல் ஆகிய மூன்றும் வாடிக்கையாளரின் கடமை. முழு இயந்திரத்தின் உத்தரவாதம் முடிந்த பின்னும் மோட்டாருக்கான தனி உத்தரவாதம் நீடிக்கக்கூடும். அட்டையைப் பார்த்த பின்பே பணம் தர வேண்டும். சேவையில் குறையிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

சேவை மையத்தின் எண்ணை இணையத்தில் தேடுவோரைக் குறிவைத்தே போலி எண்கள் பரப்பப்படுகின்றன. “பதிவுக்கு 10 ரூபாய் அனுப்புங்கள்” என்று ஓர் இணைப்பை அனுப்புவதும், கைப்பேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் அவர்கள் வழி. இயந்திரத்தின் பழுது சில ஆயிரம் ரூபாயில் முடியலாம். இத்தகைய அழைப்பு சேமிப்புக் கணக்கையே காலியாக்கலாம். உத்தரவாத அட்டையிலோ இயந்திரத்தின் பின்புறத்திலோ அச்சிட்ட எண்ணை மட்டுமே அழைக்க வேண்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

பணம் பறிபோனதாகத் தெரிந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாளைய சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும் என்று வகுத்தது. தெரிவித்தபின் நேரும் இழப்பை வங்கி ஏற்க வேண்டும் என்றும் அது கூறியது. ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

கையேட்டையும் உத்தரவாத அட்டையையும் பில்லையும் ஓர் உறையிலிட்டு, வங்கிப் புத்தகத்துடன் வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் நிற்கும் நாளில் முதலில் கைக்குக் கிடைக்க வேண்டியது அந்த உறையே.