கடல் கடந்த வியாபாரமும் கூடி உண்ணும் சோறும்

வியாபாரத்திற்கு முதல் வேண்டும், சரக்கு வேண்டும், கணக்கு வேண்டும் என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆள் பழக்கமும் ஒரு முதல்தான் என்பதையும் உள்ளூரில் நாம் அறிவோம். சேர்வராயன் மலையில், எங்கள் மாரமங்கலம் பக்கம் மிளகும் காப்பியும் கொள்முதல் செய்பவர், தோட்டக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நலம் விசாரித்த பிறகுதான் தராசைத் தொடுவார். அதே வியாபாரி விமானம் ஏறிப் போனால், இறங்கியதும் விலை கேட்கிறார். பேசி முடித்ததும் ஓட்டல் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இன்று மிளகு உற்பத்தியில் உலகில் முதலிடம் வியட்நாமுக்கு. இலங்கை மிளகும் நம் சந்தைக்கு வருகிறது. துபாயில் ஆண்டுதோறும் நடக்கும் கல்ஃபுட் உணவுப் பொருள் கண்காட்சிக்கு நம்மவர்களும் போய் வருகிறார்கள். ஆகவே வெளிநாட்டில் கூட வேலை செய்பவர்களோடு பழகும் முறையை நாம் கற்றாக வேண்டும். இதற்குப் பாடம் நம் முன்னோரிடமே இருக்கிறது.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலத்தில் கிட்டங்கிகளில் தங்கினார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும், பினாங்கில் பினாங்குத் தெருவிலும் இவை இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகளின் பெட்டியடிகள் வரிசையாக இருக்கும். பகலில் அங்கேயே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை, எல்லோருக்கும் சேர்ந்து ஒரு சமையல். மேலாள், அடுத்தாள், பையன் என எல்லோரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஏறக்குறைய மூன்றாண்டுக் கணக்கில் போனவர்கள். தொழிலில் போட்டியாளர்களாக இருந்தும் ஒரே பந்தியில் உண்டார்கள். 1859இல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள். ரங்கூனில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். அந்நிய மண்ணில் அவர்களைத் தாங்கியது இந்த ஒற்றுமை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பர்மிய மொழியைக் கற்று வியாபாரம் செய்தாலும், சோறும் உறவும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே நின்றன. 1930இல் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்கானது. விரும்பி வாங்கிய நிலமல்ல அது. ஆனாலும் உழவரின் கசப்பு வளர்ந்தது. 1942இல் போர் வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டு வர நேர்ந்தது. உறவு மட்டும் இருந்திருந்தால் சொத்து தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும், நமக்குள் கூடினால் மட்டும் போதாது, அந்த ஊராரோடும் கூட வேண்டும் என்பது இதில் கிடைக்கும் படிப்பினை.

இன்று பயணம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. முதல் சந்திப்பிலேயே விலை பேசாதீர்கள். வியட்நாமில் முதலில் தேநீர் வரும். முகவரி அட்டையை இரு கைகளாலும் கொடுத்து வாங்குவது அங்கே மரியாதை. அவர்கள் காப்பி சின்ன வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த நேரம் பிள்ளைகளைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசுவதற்கு உரியது.

2. முதலாளியோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். கிடங்கு மேற்பார்வையாளர், குமாஸ்தா, வண்டியோட்டி ஆகியோரின் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லி அழையுங்கள். சாம்பிள் எடுப்பதும் மூட்டை ஏற்றுவதும் அவர்கள்தான். மிளகை அங்கே லிட்டருக்கு 500 கிராம், 550 கிராம் என்று தரம் பிரிக்கிறார்கள். நாம் கார்பிள்ட், அன்கார்பிள்ட் என்கிறோம். சொல் வேறுபடும் இடத்தில், கிடங்கு ஆளோடு சேர்ந்து நின்று லிட்டர் படியில் அளந்து எடை போட்டுப் பாருங்கள். தகராறு அங்கேயே தீரும்.

3. சைவ உணவுக்காரர்கள் தனியே அறையில் உண்ண வேண்டாம். வியட்நாமில் 'அன் சாய்' என்றால் சைவ உணவு உண்பது. பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியில் அப்படித்தான் உண்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதே மேசையில் உட்காருங்கள்.

4. அவர்கள் நாள் கிழமையை அறிந்து புறப்படுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வரும் 'தெத்' புத்தாண்டில் வியட்நாமில் பல நாள் வேலை நடக்காது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. ஐக்கிய அரபு நாட்டில் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரை நாள்.

5. அன்பளிப்பு சிறியதாக இருக்கட்டும். நம் மலைக் காப்பித்தூள் கால் கிலோ போதும். பண உறை வேண்டவே வேண்டாம்.

6. நட்பு வேறு, கணக்கு வேறு. தரம், ஈரப்பதம், எடை, பணம் தரும் நாள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எழுதி வைத்த உறவு நீடிக்கும்.

ஊர் திரும்பியதும் ஒரு வாரத்திற்குள் நலம் கேட்டு நாலு வரி அனுப்புங்கள். சரக்கு தேவைப்படும்போது மட்டும் பேசுபவரை யாரும் நண்பராக நினைப்பதில்லை.

வெளிநாடு போகாத சிறு கடைக்காரருக்கும் இது பொருந்தும். வடமாநிலத்திலிருந்து வந்து நம் கடையில் மூட்டை தூக்கும் இளைஞனுக்கு நம் ஊர்தான் அந்நிய நாடு. அவனுக்கும் நம்மோடு பக்கத்து இலை போடுங்கள்.