மருத்துவப் பணியாளரின் மனநிறைவு

பணியில் மனநிறைவு எதனால் உண்டாகிறது? இவ்வினாவை ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், 1959ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். ஊதியம், மேற்பார்வை, பணிச்சூழல் ஆகியவை குறைவுபட்டால் அதிருப்தி தோன்றும். அவற்றைச் சீர்செய்தால் அதிருப்தி நீங்கும். ஆயினும் மனநிறைவு பிறப்பது சாதனை, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம் ஆகிய வேறு காரணங்களால் என்பது அவர் கண்ட முடிவு.

இக்கோட்பாட்டை ஹைதராபாத் நகரின் அரசு மருத்துவமனைகளுடன் பொருத்திப் பார்ப்பது பயனளிக்கும். 2020ஆம் ஆண்டில் தெலங்கானாவின் முதன்மையான கோவிட் சிகிச்சை மையமாகக் காந்தி மருத்துவமனை விளங்கியது. அவ்வாண்டு ஜூன் மாதம், நோயாளி ஒருவர் இறந்ததையடுத்து அவருடைய உறவினர்கள் மருத்துவரைத் தாக்கினர். இளநிலை மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினர். பாதுகாப்பு வேண்டும், கோவிட் நோயாளிகளைப் பிற மருத்துவமனைகளுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். அடுத்த மாதமே, நிஜாம் ஆட்சிக்காலத்தில் எழுந்த உஸ்மானியா மருத்துவமனையின் பழைய கட்டடத்துள் மழைநீர் புகுந்தது. நோயாளிகளை வேறிடத்திற்கு மாற்ற நேர்ந்தது. உதவித்தொகையை உரிய காலத்தில் வழங்குதல், உஸ்மானியாவுக்குப் புதிய கட்டடம், பாதுகாப்பு ஆகியவற்றைக் கோரி 2024 ஜூனில் மாநில இளநிலை மருத்துவர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர்.

இவையனைத்தும் ஹெர்ஸ்பெர்க் கூறிய முதல் வகையைச் சார்ந்தவை போலத் தோன்றும். ஆனால், மருத்துவப் பணியில் இருவகைக் காரணங்களும் பின்னிக் கிடக்கின்றன. ஒரு மருத்துவரிடம் அளவுக்கு மீறி நோயாளிகள் குவிந்தால், ஒவ்வொருவருக்கும் போதிய நேரம் ஒதுக்க இயலாது. அங்கே பணிச்சூழல் கெடுவதுடன், ஓர் உயிரைக் காத்தோம் என்னும் நிறைவும் கைநழுவிப் போகிறது.

தொற்றுநோய்ச் சட்டத்திற்கு 2020இல் செய்யப்பட்ட திருத்தம், மருத்துவப் பணியாளரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைவிப்போருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்கிறது. சட்டம் தாக்குதலுக்குப் பின்னரே செயற்படும். அதனைத் தடுக்க வேண்டுமாயின், காலியிடங்களை நிரப்புதல், பார்வையாளரை ஒழுங்குபடுத்துதல், நோயாளியின் நிலையை உறவினருக்கு உடனுக்குடன் எடுத்துரைத்தல் ஆகியன நிருவாகத்தின் அன்றாடக் கடமைகளாதல் வேண்டும்.

வேறு மருத்துவமனையை நாட வசதியற்ற ஏழை மக்களே அரசு மருத்துவமனையைப் பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஆதலின் பணியாளரின் மனநிறைவைப் பேணுவது அவருக்குக் காட்டும் சலுகையன்று. நோயாளிக்குச் செய்யும் சேவையின் ஒரு பகுதியேயாகும்.