சங்கத்திற்கு இணையத்தில் ஒரு பெயர்
(உறுப்பினர் கல்விப் பாடம்)

நெய்த துணியின் ஓரத்தில் சங்கத்தின் முத்திரையைக் குத்திய பின்னரே அதைக் கிடங்கிலிருந்து வெளியே விடுவது நமது நெசவாளர் சங்கங்களின் வழக்கம். முத்திரை இல்லாத துணியை எவரும் தம்முடையது எனலாம். இன்று சென்னிமலைப் போர்வையையும், பவானி ஜமக்காளத்தையும், ஈரோட்டு மஞ்சளையும் வாங்க விரும்பும் வெளியூரார் கடைவீதிக்கு வருமுன் கைபேசியில் தேடிப் பார்க்கின்றனர். அங்கே சங்கத்தின் முத்திரையாக நிற்பது அதன் இணையப் பெயர். கணினித் துறையினர் இதனை டொமைன் பெயர் என வழங்குவர். புதிதாக விற்பனையில் இறங்கும் சங்கங்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இப்பெயரை எங்ஙனம் தேர்ந்து, எங்ஙனம் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. இணையப் பெயர் என்பது யாது?

இணையத்திலுள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர் நினைவில் எண்கள் நில்லா. ஆகவே எண்ணுக்குப் பதிலாகப் பெயரை வழங்கும் முறை 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ‘டாட் காம்’ என முடியும் முதற்பெயர் 1985 மார்ச் 15ஆம் தேதி பதிவாயிற்று. 1998 முதல் ‘ஐகான்’ என்னும் அமைப்பு உலகளவில் இம்முறையை ஒழுங்கு செய்து வருகிறது. நம் நாட்டின் ‘டாட் இன்’ பெயர்களை ‘நிக்சி’ என்னும் அமைப்பு நிர்வகிக்கின்றது. 2005 முதல் இவை பொதுமக்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன.

இரண்டு உண்மைகளை உறுப்பினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கோவையில் ‘லட்சுமி’ என்ற பெயரில் ஆலையும், உணவு விடுதியும், மளிகைக் கடையும் ஒருசேர இருக்கலாம். இணையத்திலோ ஒரு முடிவின்கீழ் ஒரு பெயர் உலகம் முழுவதிலும் ஒருவருக்கே உரியது. முந்தியவருக்கே பெயர் கிடைக்கும். லட்சுமி, முருகன், சக்தி போன்ற பெயர்கள் பெரும்பாலும் எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, இப்பெயரை நாம் கிரயம் வாங்குவதில்லை, குத்தகைக்கே எடுக்கிறோம். ஒரு தடவையில் அதிகமாகப் பத்தாண்டுக்குப் பதியலாம். தவணை தவறினால் பெயர் கைமாறிப் போகும்.

2. நல்ல பெயரின் இலக்கணம்

ஒரு பெயர்ப் பகுதியில் 63 எழுத்துகள் வரை விதி இடந்தருகிறது. எனினும் சங்கத்தின் பதிவுப் பெயர் முழுவதையும் அதில் அடைப்பது பயனற்றது. 1935இல் தோன்றிய தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை நீண்ட பெயரால் அழைப்பவர் சிலரே. ‘கோ-ஆப்டெக்ஸ்’ என்றால் அறியாதவர் இலர். இரண்டு சொற்களின் துண்டுகளை இணைத்துப் புதுச்சொல் ஆக்குவது பெயர் தேடுவோருக்குச் சிறந்த வழியாகும். அத்தகைய சொல் பிறரால் எடுக்கப்படாமல் கிடைப்பதும் எளிது. பின்னர் வழக்கு நேரிட்டால் நம்முடையதென்று நிலைநாட்டுவதும் எளிது.

அடுத்தது எழுத்துக் குழப்பம். நம் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு விதமாகச் செல்லும். ‘தறி’ என்பதற்கு ‘டி’க்குப் பின் ‘எச்’ உண்டா, இல்லையா? ‘நூல்’ என்பதற்கு இரண்டு ‘ஓ’வா, ஒரு ‘யு’வா? ‘பவானி’யில் ‘பி’க்குப் பின் ‘எச்’ வருமா? ‘சென்னிமலை’ ‘சி’யில் தொடங்குமா, ‘எஸ்’ஸிலா? ழகரம் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே ஒரு சோதனை செய்க. உறுப்பினர் ஐவருக்குத் தொலைபேசியில் பெயரை ஒரே ஒருமுறை கூறி, எழுதிக் காட்டச் சொல்லுக. ஐவரும் ஒன்றுபோல் எழுதினால் பெயர் தேறிற்று. இரண்டு விதமாக எழுதினால், அவ்விரண்டையும் பதிவு செய்க. மூன்று விதமாயின் வேறு பெயர் தேடுக. பெயரின் நடுவே சிறு கோடு இடுவதையும், எண்ணைச் சேர்ப்பதையும் இயன்றவரை தவிர்க்க.

இன்று விற்கும் ஒரே பண்டத்தோடு பெயரைப் பிணைத்துவிடலாகாது. மஞ்சள் என்று பெயர் வைத்த சங்கம் நாளை தேங்காய் எண்ணெய் விற்கப் புகுந்தால் பெயரே தடையாக நிற்கும்.

ஊர்ப் பெயரோடு கூடிய பண்டப் பெயரைக் கையாளுவதில் தனிக் கவனம் வேண்டும். பவானி ஜமக்காளமும், கோவை கோரா காட்டன் சேலையும், 2019இல் ஈரோட்டு மஞ்சளும் புவிசார் குறியீடு பெற்றவை. அக்குறியீடு தனியொருவர் சொத்தன்று. அவ்வட்டார உற்பத்தியாளர் அனைவர்க்கும் பொதுவானது. சங்கத்திற்கென்று ஒரு தனிச்சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டு, பொதுப் பெயரைப் பக்கத்தின் உள்ளே எழுதுவதே நேரிய வழி.

3. எந்த முடிவு ஏற்றது?

‘டாட் காம்’ பலரும் அறிந்தது. ஆதலின் நல்ல பெயர்கள் அதில் அரிது. ‘டாட் இன்’, ‘டாட் கோ டாட் இன்’ ஆகியவற்றில் இன்னும் இடமுண்டு. இந்தியச் சங்கம் என்பதும் உடனே விளங்கும். ‘டாட் கூப்’ என்பது கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டு 2002 முதல் நடைமுறையில் உள்ளது. கூட்டுறவு வங்கிகள் பொது முடிவுகளை நாட வேண்டுவதில்லை. வங்கிகளுக்கென ‘பேங்க் டாட் இன்’ என்னும் தனி முடிவை 2025இல் ரிசர்வ் வங்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என முடியும் பெயரும் பதியலாம். எழுத்துக் குழப்பம் அங்கே அடியோடு நீங்குகிறது. ஆனால் தமிழ் முகவரிக்கு அனுப்பும் மின்னஞ்சலைச் சில அமைப்புகள் இன்னும் ஏற்பதில்லை. ஆகவே இதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளுதல் நலம்.

இக்காலப் புதுத்தொழிலார் விரும்பும் ‘டாட் ஐஓ’ பிரிட்டனின் இந்தியப் பெருங்கடற்பகுதிக்கும், ‘டாட் ஏஐ’ அங்குயிலா தீவுக்கும் உரியவை. அயல் நிலத்தின் முடிவில் பெயர் வைப்போர் அந்நிலத்தின் விதிக்கும் கட்டுப்பட்டவராவர் என்பதை மறத்தலாகாது.

4. ஒரு வழக்கு கற்பிக்கும் பாடம்

சத்யம் இன்ஃபோவே என்னும் நிறுவனம் தன் பெயரின் துண்டுகளைச் சேர்த்து ‘சிஃபி’ என்ற சொல்லை ஆக்கி, 1999இல் அச்சொல் அடங்கிய பல இணையப் பெயர்களைப் பதிவு செய்தது. பின்னர் 2001இல் வேறொரு நிறுவனம் ஓரெழுத்தை மட்டும் இரட்டித்து ‘சிஃபிநெட்’ எனப் பதிந்துகொண்டது. பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றம் முதல் நிறுவனத்திற்குச் சார்பாகத் தடை விதித்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கிற்று. 2004 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநிறுத்தியது. இணையப் பெயர் வெறும் விலாசமன்று. வணிகச் சின்னத்தைப் போல் காக்கத்தக்கது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதில் நமக்கு இரு படிப்பினைகள் உள. பிறர் பெயரை ஓரெழுத்து மாற்றி எடுத்துக்கொள்வது தகாது; காலியாக இருக்கிறதென்பது மட்டும் உரிமை ஆகாது. அன்றியும், நாம் பெயரைப் பயன்படுத்தியதற்குச் சான்றாகப் பட்டியல், துண்டறிக்கை, ரசீது முதலியவற்றைத் தேதியோடு கோப்பில் வைத்திருத்தல் வேண்டும். ‘டாட் இன்’ பெயர்களைப் பற்றிய தாவாவை நடுவர் முன் தீர்த்துக்கொள்ளத் தனி ஏற்பாடும் உண்டு.

5. தவணை தவறிய சங்கம்

தணிக்கைக்குச் சென்ற இடத்தில் நான் கண்ட ஒன்றை இங்குக் கூற வேண்டும். ஒரு நெசவாளர் சங்கம் இளைஞர் ஒருவரைக் கொண்டு இணையப் பக்கம் அமைத்தது. அவர் பெயரைத் தம் பெயரிலும், தம் மின்னஞ்சலிலும் பதிந்தார். அதில் வஞ்சனை ஒன்றுமில்லை. எவரும் வேறு விதமாகச் சொல்லவில்லை. பின்னர் அவர் வெளியூர் சென்றார். புதுப்பிக்க வேண்டுமென்ற அறிவிப்புகள் அவருடைய பழைய அஞ்சலில் கிடந்தன. தீபாவளிக்கு முன்பு ஒரு மொத்த வியாபாரி தொலைபேசியில், “உங்கள் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் வருகிறதே” என்றார். போர்வைச் சீட்டுகள் எல்லாவற்றிலும் அப்பெயரே அச்சாகியிருந்தது. சங்கத்துப் பெண்கள் நான்கு நாள் அமர்ந்து, ஒவ்வொரு சீட்டின்மேலும் வேறு சீட்டுத் தைத்தனர். நெய்தவர்க்குக் கூலி உண்டு. இவ்வேலைக்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று செயலாளர் என்னைக் கேட்டார். நான் விடை சொல்ல இயலவில்லை.

பெரியோரும் இதில் தவறியதுண்டு. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் ‘பாஸ்போர்ட்’ பெயரைப் புதுப்பிக்க மறந்தது. வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டி அதைக் காப்பாற்றினார். 2018 செப்டம்பரில், தவணை தவறாத நம் தமிழகத்து ஸோஹோ நிறுவனத்தின் பெயரையே, தீயோர் சிலர் அதன் சேவையைத் தவறாகப் பயன்படுத்தினர் என்ற புகாரின்பேரில் பதிவாளர் நிறுத்திவைத்தார். வாடிக்கையாளர் பலர் மின்னஞ்சலின்றித் தவித்தனர். அழைத்தால் பதில் தரும் பதிவாளரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

‘டாட் காம்’ பெயர் காலாவதியானால், பதிவாளர் வழக்கப்படி 45 நாள் வரையிலும் சாதாரணக் கட்டணத்தில் மீட்க வாய்ப்புண்டு. அதன்பின் 30 நாள் மிகுந்த கட்டணத்தில் மீட்கலாம். மேலும் ஐந்து நாள் கழிந்தால் பெயர் எவருக்கும் உரியதாகிவிடும்.

6. நடைமுறை

(அ) நிர்வாகக் குழு மூன்று பெயர்களை வரிசைப்படுத்தித் தீர்மானம் இயற்றுக. அவற்றுள் முதலில் கிடைப்பதைப் பதியச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்க.

(ஆ) தீர்மானம் ஆன நாளிலேயே தேடி, அன்றே பதிவு செய்க. தேடிப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் தாமதிக்க வேண்டா.

(இ) தேடுமுன் வணிகச் சின்னப் பதிவேட்டிலும் அப்பெயர் உள்ளதா எனப் பார்க்க.

(ஈ) பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே, சங்கத்தின் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் பதிக. கடவுச்சொல் இருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

(உ) முதலாண்டுக் கட்டணம் குறைவு, அடுத்த ஆண்டு அதிகம் என்னும் விளம்பரங்களைக் கவனிக்க. புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுக.

(ஊ) காலாவதித் தேதியைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் படித்துக் காட்டுக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தின் இணையப் பெயர் எவர் பெயரில் பதிவாகியுள்ளது? அதன் தவணை என்று முடிகிறது?
2. அப்பெயரைத் தொலைபேசியில் கேட்கும் ஐவர் ஒன்றுபோல் எழுதுவரா?

முதல் வினாவிற்குச் செயலாளர் உடனே விடை கூற இயலாதாயின், அடுத்த குழுக் கூட்டத்தின் முதற்பொருளாக அதனையே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.