நின்ற தறியை மீண்டும் ஓட்டுதல்
கைத்தொழிலுக்குத் திட்டம் வகுப்பதைப் பற்றிய ஒரு பாடம்

ஒரு வீட்டில் தறி நின்றுவிட்டால் அதனால் வேலை இழப்பவர் நெய்பவர் மட்டும் அல்லர். தார் சுற்றும் பெண், பாவு பிணைப்பவர், சாயம் தோய்ப்பவர் ஆகிய பலருக்கும் வேலை குறைகிறது. தறிக்குழியில் மண் சேர்கிறது. மகன் வேறு தொழில் தேடி வெளியூர் செல்கிறான். சில காலம் கழிந்தபின் அவ்வீட்டார் தறியை மீண்டும் ஓட்ட எண்ணும்போது, அவர்கள் முதலில் தேடுவது கடன். கடனுக்கு முன்பாகத் தேட வேண்டியது கணக்கு. கணக்கின்றி வாங்கிய கடனால் தறி ஓடுவது சில நாட்களுக்கே. பிறகு தறியும் நிற்கும், கடனும் நிற்கும். ஆதலால் மீண்டும் தொழில் தொடங்குவோர் கவனிக்க வேண்டிய படிகள் உறையூர்க் கைத்தறியை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்கப்படுகின்றன. பாய், கூடை, மண்பாண்டம் முதலிய பிற கைத்தொழில்களுக்கும் இவை பொருந்தும்.

1. தொழில் நின்ற காரணத்தை அறிதல்

திருச்சிராப்பள்ளியின் பழைய தொழில்களே இதற்குப் பாடமாக உள்ளன. திண்டுக்கல் புகையிலையைக் கொண்டு உறையூரில் செய்யப்பட்ட சுருட்டு ஒரு காலத்தில் இங்கிலாந்து வரை சென்றது. 1887ஆம் வருஷம் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே திருச்சிச் சுருட்டின் பெயர் காணப்படுகிறது. அதை விரும்பி வாங்கிய ஐரோப்பியர் நாட்டை விட்டுச் சென்றனர். சிகரெட்டும் பீடியும் பரவின. சுருட்டுபவர் கைத்திறன் குறையவில்லை, வாங்குவோரே குறைந்தனர்.

திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடுதோறும் நடந்த செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் தொழிலுக்கு வந்த இடையூறு வேறு வகையானது. அதில் வாங்குவோர் இருந்தனர். ஆயினும் இயந்திரத்தால் பட்டை தீட்டப்பட்ட வெளிநாட்டுக் கற்கள் மலிவாக வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டன.

உறையூர் நெசவின் பெயரோ மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல் வணிக நூலொன்றில் அர்கரு என்னும் ஊரின் மெல்லிய துணி குறிக்கப்பட்டுள்ளது; அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. இங்கு விசைத்தறியின் போட்டி உண்டு. எனினும் நல்ல கைத்தறிப் புடவையை நாடுவோர் இன்றும் இருக்கின்றனர். ஆகவே தறி நின்ற வீட்டார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: வாங்குவோர் இல்லாமையால் நின்றதா, விலை கட்டாமையால் நின்றதா, அல்லது கைம்முதல் தீர்ந்தமையால் நின்றதா? நோய் ஒன்று, மருந்து வேறு என்றால் பயன் இராது.

2. அடக்க விலையைக் கணக்கிடுதல்

840 கஜம் நூல் கொண்டது ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடையில் 80 சிட்டா இருந்தால் அது 80ஆம் நம்பர் நூல். 48 அங்குல அகலமும் 6 கஜ நீளமும் உள்ள புடவைக்குப் பாவிலும் ஊடையிலும் அங்குலத்திற்கு 72 இழை எனக் கொள்க. பாவில் 3,456 இழைகள். கழிவுக்காகக் கால் கஜம் சேர்த்து 6¼ கஜத்தால் பெருக்கினால் 21,600 கஜம். ஊடைக்கு 20,736 கஜம். சேதாரமும் சேர்த்து மொத்தம் ஏறக்குறைய 52 சிட்டா, அதாவது சுமார் 300 கிராம் நூல் வேண்டும். இக்கணக்கு அறிந்தவருக்கு நூல் எவ்வளவு வாங்குவது, எவ்வளவு வீணாகிறது என்பன தாமே விளங்கும்.

இனிப் பணக் கணக்கு. பின்வரும் தொகைகள் உதாரணத்திற்காக மட்டும் வைத்துக்கொண்டவை. அவரவர் தம் ஊர் விலையை இட்டுக்கொள்க. ஒரு புடவைக்கு நூல் 250 ரூபாய், சாயம் 120, பாவு நீட்டல், கஞ்சி போடுதல், பிணைத்தல் 130, நெய்பவருக்கு இரண்டு நாள் கூலி 900, தார் சுற்றும் கூலி 100, தறித் தேய்மானம் 30, விற்பனைச் செலவு 70. ஆக அடக்கம் 1,600 ரூபாய்.

இப்புடவையை 1,200 ரூபாய்க்கு விற்றவர், கையிலிருந்து செலவழித்த 500 போக 700 ரூபாய் லாபம் என்று மகிழக்கூடும். அந்த 700இல் தேய்மானமும் விற்பனைச் செலவும் 100 போக எஞ்சுவது 600. வீட்டார் இருவர் உழைப்பின் கூலியோ 1,000. எனவே புடவை ஒன்றுக்கு 400 ரூபாய் நஷ்டத்தை அக்குடும்பம் தன் உடலுழைப்பால் ஈடு செய்கிறது. வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாத தொழில் லாபம் தருவதுபோல் தோன்றியே நசித்துவிடும்.

3. ஒரே பாவில் பரீட்சை

மீண்டும் தொடங்குகையில் பலவகைச் சரக்கைச் செய்து குவித்தல் ஆகாது. 1844ஆம் வருஷம் இங்கிலாந்தில் ராக்டேல் நகரில், நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர் 28 பவுன் மூலதனத்துடன் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பண்டங்களே அங்கு முதலில் விற்கப்பட்டன. உலகக் கூட்டுறவு இயக்கத்திற்கு வழிகாட்டிய கடை அத்துணைச் சிறிதாகவே தொடங்கிற்று.

நெசவாளருக்கு ஓர் எளிய வழி உண்டு. ஆறு புடவைக்கு ஒரே பாவு போட்டு, ஊடையின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றி நெய்யலாம். பாவுச் செலவு கூடாமலே ஆறு விதப் புடவைகள் கிடைக்கும். அவற்றுள் எது முதலில் விற்றது, எதைக் கையில் எடுத்துப் பார்த்து வைத்துவிட்டனர், என்ன விலை சொன்னபோது போய்விட்டனர் என்பவற்றை எழுதி வைத்தல் வேண்டும். ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் ஒன்பது கஜப் புடவை உடுத்தும் முதிய பெண்மணிகள் இன்றும் உள்ளனர். எல்லாக் கடைகளிலும் எளிதில் கிடைக்காத அப்புடவைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்போர் கிடைக்கின்றனரா என்றும் விசாரிக்கலாம். அவர்கள் சொற்பமானவரே, ஆயினும் தமக்கு வேண்டியது இன்னதென்று தெளிவாக அறிந்தவர்கள்.

4. சுழலும் முதல்

பெரும்பாலான தறிகள் இரண்டாம் முறை நிற்பது இவ்விடத்தில்தான். மேற்படி கணக்கில் ஆறு புடவைப் பாவு ஒன்றுக்கு ரொக்கச் செலவு 3,000 ரூபாய். நெய்து முடிக்க 12 நாள். விற்ற பணம் 36ஆம் நாள் கைக்கு வருவதாகக் கொள்க. அதற்குள் மூன்று பாவு நெய்தாக வேண்டும். நூல், சாயம், பாவு வேலை ஆகியவற்றுக்கு 9,000 ரூபாய் தேவை. அந்த 36 நாள் வீட்டுச் செலவு வேறு. ஒரு பாவுக்கு மட்டும் பணம் வைத்திருப்பவர் 13ஆம் நாள் சும்மா இருக்க நேரிடும். அப்போது வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்; வாங்கியவர் அவர் சொன்ன கூலிக்கே நெய்யக் கட்டுப்படுவார். சொந்தத் தறி கூலித்தறியாக மாறும் வழி இதுவே. வீட்டுப் பணத்தையும் தறிப் பணத்தையும் வெவ்வேறு பையில் வைப்பது இதற்கு முதற்காப்பு.

5. காலத்தைக் கணித்தல்

தீபாவளி விற்பனை ஐப்பசியில். அடைமழையும் ஐப்பசி, கார்த்திகையிலேயே. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட அப்போது இயலாது. தறிக்குழியிலும் ஈரம் ஏறும். ஆகையால் தீபாவளிக்கு 18 புடவை வேண்டுமெனில், கடைக்குப் புரட்டாசி இறுதியில் சரக்குச் சேர வேண்டும். ஆவணி நடுவில் நெசவு தொடங்க வேண்டும். ஆடி முடிவதற்குள் நூல் வீட்டிற்கு வந்திருக்க வேண்டும். ஆடிப் பதினெட்டன்று அம்மா மண்டபப் படித்துறையிலும், மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்திலும் வெளியூர் ஜனங்கள் திரள்கின்றனர். கூட்டம் வந்தபின் நூல் வாங்கச் செல்பவருக்குக் கூட்டத்தால் பயன் இல்லை.

6. சங்கம் செய்யக்கூடியவை

தனி ஒருவர் சில்லறையாக வாங்கும் நூலைச் சங்கம் மொத்தமாக வாங்கினால் விலையும் தரமும் சீர்ப்படும். சங்கத்தின் சரக்கை விற்கக் கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935ஆம் வருஷமே நிறுவப்பட்டது. கைத்தறிச் சரக்கு இதுவென வாங்குவோர் அறியும் பொருட்டு 2006 முதல் கைத்தறி முத்திரையும் வழங்கப்படுகிறது. ஆயினும் அங்கத்தினர் தத்தம் அடக்க விலையை அறியாதிருந்தால், சங்கம் எவ்விலை கேட்டு வாதாடும்? கணக்குப் புத்தகம் முதலில் வீட்டில் தொடங்க வேண்டும். சங்கத்தின் பலம் அதிலிருந்தே வளரும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் ஊரில் கடைசியாக நின்ற தொழில் எது? மேற்சொன்ன மூன்று காரணங்களுள் எதனால் நின்றது?
2. ஒரு உருப்படியின் அடக்கத்தில் வீட்டுப் பெண்களின் கூலியைச் சேர்த்திருக்கின்றோமா?
3. சரக்கு விற்ற பணம் எத்தனையாவது நாள் கைக்கு வருகிறது? அதுவரை தொழில் நடத்தப் போதிய கைம்முதல் உண்டா?
4. அடுத்த பண்டிகைக்கு வேண்டிய நூலை எந்த மாதத்தில் வாங்குவது?

இந்நான்கிற்கும் விடை எழுதி முடித்த அங்கத்தினர் அதன்பின் கடன் மனுவை நிரப்பலாம். கேட்க வேண்டிய தொகை எவ்வளவு என்பது அப்போது அவருக்கே தெரிந்திருக்கும்.